ஈ.சி.யு.வை நானே ரீமேப் செய்தேன், வாரண்டி போய்விட்டது: வழக்குப் போடலாமா?

கேள்வி: 2024-இல் 14 லட்சம் கொடுத்து ஒரு டீசல் எஸ்.யு.வி. வாங்கினேன். பிக்கப் போதவில்லை. ஆன்லைனில் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு ஓ.பி.டி. கேபிள் வாங்கி, டெலிகிராமில் ஒருவரிடம் 4,000 ரூபாய்க்கு ரீமேப் ஃபைல் (எஞ்சின் செட்டிங்கை மாற்றும் ஃபைல்) வாங்கி, வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்து நானே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வில் ஏற்றினேன். அந்த ஃபைலிலேயே மாசைக் குறைக்கும் இ.ஜி.ஆர்.-ஐயும் ஆஃப் செய்து கொடுத்திருந்தார். வண்டி பறந்தது. ஐந்தாவது மாதம், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போய்விட்டது. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டுத்தான் சர்வீஸ் சென்டரில் விட்டேன், ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். வாரண்டி கிடையாது, 1.3 லட்சம் ஆகும் என்கிறார்கள். "எதையும் தொடவே இல்லை என்று சொல்லி கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ" என்கிறார் மச்சான். போகலாமா? நான் செய்தது குற்றமா? இன்ஷூரன்சில் கேட்க வழி உண்டா? நண்பர்கள் இரண்டு பேர் தங்கள் காருக்கும் செய்து தரச் சொல்கிறார்கள், செய்யலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: முதலில் உங்கள் மச்சான் சொன்னதை ஓரமாக வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகாரோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், அங்கே நடப்பது சட்டப்படி நீதிமன்ற நடவடிக்கைக்குச் சமம். அதில் பொய்ச் சாட்சியம் சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதா 229-ஆம் பிரிவின்படி ஏழு வருடம் வரை சிறை. இப்போதைக்கு உங்கள் பிரச்சினை 1.3 லட்சம் ரூபாய், அதைக் கிரிமினல் கேஸாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பொய் நிற்கவும் நிற்காது. பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் தடயம் அழிந்துவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். இன்றைய ஈ.சி.யு.க்கள் பலவற்றில் எத்தனை முறை ஃபைல் ஏற்றப்பட்டது என்ற கணக்கு தனியாகப் பதிவாகும், அதை நீங்கள் வாங்கிய கேபிள் அழிக்காது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி, தங்கள் சிஸ்டத்தில் இருக்கும் கணக்கோடு ஒப்பிடுவார்கள். அங்கே ஒன்று, உங்கள் வண்டியில் மூன்று என்று வந்தால் அப்புறம் நீங்கள் என்ன சொல்லியும் எடுபடாது. டர்போ கெடுவதற்கு முந்தைய பிரஷர் அளவுகளும் சில வண்டிகளில் பழுதைக் குறிக்கும் ஃபால்ட் கோடோடு சேர்ந்து பதிவாகியிருக்கும்.

சரி, உண்மையைச் சொல்லியே வழக்குப் போட முடியுமா? முடியும், ஆனால் டர்போ விஷயத்தில் உங்கள் பக்கம் பலவீனம். வாரண்டி என்பது ஒப்பந்தம். வாரண்டி புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், அனுமதியில்லாத மாற்றத்தால் வந்த பழுதுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வரி இருக்கும். அந்த வரியைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறவர்தான் இந்த மாற்றத்தால்தான் இந்தப் பழுது வந்தது என்று காட்ட வேண்டும் என்று நாம் வாதிடலாம். ஏ.சி. கம்ப்ரசரோ பவர் ஸ்டியரிங்கோ கெட்டு, ஈ.சி.யு.வைக் காரணம் காட்டி மறுத்திருந்தால் நானே சந்தோஷமாக வக்காலத்து போடுவேன். உங்கள் ஃபைல் செய்தது என்ன? டர்போவின் பூஸ்ட் பிரஷரைக் கூட்டியது, டீசலை அதிகமாக அடிக்க வைத்தது. அடுத்து கெட்டதும் டர்போவே. காரணம் எது என்று ஆணையத்துக்கு விளக்கவே வேண்டியதில்லை.

ஒரே ஒரு வழி இருக்கிறது. டர்போ, எண்ணெய் வரும் குழாய் அடைத்ததாலும் போகலாம், ஏர் ஃபில்டர் வழியே ஏதாவது உள்ளே போய் பிளேடு உடைந்தும் போகலாம். அதனால் கழற்றும்போது நேரில் நின்று போட்டோ எடுங்கள், ஷாஃப்ட்டையும் எண்ணெய்க் குழாயையும் தனித்தனியாக. பழைய டர்போவை எங்கும் அனுப்பாமல் வைத்திருக்கச் சொல்லி மெயில் போடுங்கள். வாரண்டி மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், ஸ்கேன் ரிப்போர்ட், ஜாப் கார்டு நகலோடு. வாயால் "முடியாது சார்" என்பதை வைத்துக்கொண்டு எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது. வெளியில் ஒரு அனுபவமுள்ள டீசல் மெக்கானிக் பார்த்து, எண்ணெய் ஓட்டத்தில் உற்பத்திக் கோளாறு என்று சொன்னால், 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, மாவட்ட ஆணையமே போதும். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் வழக்கை விட்டுவிடுங்கள். நடந்ததை ஒளிக்காமல் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு எழுதி, செலவில் ஒரு பங்கை ஏற்கச் சொல்லிக் கேளுங்கள். உரிமையாகக் கேட்க முடியாதுதான், ஆனால் கேட்டவர்களுக்குச் சில சமயம் லேபர் சார்ஜாவது குறைந்திருக்கிறது.

குற்றமா என்ற கேள்விதான் உண்மையில் பெரியது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள், குதிரைத்திறன் போட்டிருக்கும். ரீமேப் செய்த வண்டியின் திறன் அது இல்லை. வக்கீல் என்ற முறையில் ஒரு எதிர்வாதமும் கையில் இருக்கிறது: அதே பிரிவின் விளக்கத்தில், வண்டியின் கட்டமைப்பு மாறி அதனால் அடிப்படை அம்சம் மாறுவதுதான் மாற்றம் என்று இருக்கிறது, மென்பொருள் கட்டமைப்பு ஆகுமா என்று கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். அந்த வாதத்தை நம்பி வண்டி ஓட்டாதீர்கள். தோற்றால் 182-ஏ பிரிவின் 4-ஆம் உட்பிரிவு வரும், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பவரை விட எனக்கு உறுத்துவது அந்த இ.ஜி.ஆர். சமாச்சாரம். புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விட்டு நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதுதான் அதன் வேலை. அதை அணைத்தபின் அந்த வண்டி பி.எஸ்.6 மாசுத் தரத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளவே முடியாது, இங்கே கட்டமைப்பா மென்பொருளா என்ற வாதமும் உதவாது. "பொல்யூஷன் சர்டிபிகேட் வாங்கினேனே, பாஸ் ஆச்சே" என்பீர்கள். பங்க் ஓரம் வேனில் வைத்து, சைலன்சரில் குழாயைச் சொருகி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லும் அந்தச் சோதனை டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. இ.ஜி.ஆர். அணைத்த வண்டியில் கரும்புகை குறையக்கூட வாய்ப்பு உண்டு. ஆக அந்தச் சீட்டு உங்களைக் காப்பாற்றாது. காற்று மாசு அளவை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு: முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது. வெறும் சாஃப்ட்வேர்தானே என்று அலட்சியமாகச் சொல்பவர்களுக்கு: 2015-இல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் மாட்டியதும் டீசல் எஞ்சின் மென்பொருளில்தான், அதே விவகாரத்தில் 2019 மார்ச்சில் நம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. பிறகு அது உச்ச நீதிமன்றம் போனது வேறு கதை.

நடுரோட்டில் போலீஸ் நிறுத்தி ஸ்கேனர் மாட்டுவதை நான் பார்த்ததில்லை, அது உண்மை. ஆனால் ஒரு விபத்து நடக்கட்டும். வண்டி ஸ்டேஷனில் நிற்கும், பிரேக் இன்ஸ்பெக்டர் வருவார், இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருவார், எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவரும் கேள்வியோடு வருவார்.

இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டீர்கள். இந்த டர்போவுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது, சாதாரண பாலிசியில் இயந்திரப் பழுதுக்கு இடமே இல்லை. ஆனால் அதே பாலிசி நாளைக்கு விபத்தில் உதவ வேண்டுமே. முக்கியமான விவரத்தை மறைத்துவிட்டீர்கள் என்று சொல்லி உங்கள் சொந்தச் சேதத்துக்கான தொகையை மறுக்கவோ குறைக்கவோ பார்ப்பார்கள். மூன்றாம் நபருக்கு அடிபட்டால் மறுப்பது அவ்வளவு எளிதில்லை, மோட்டார் வாகனச் சட்டம் 150-ஆம் பிரிவில் சொன்ன காரணங்கள் மட்டும்தான் செல்லும். துரதிர்ஷ்டமாக, விவரத்தை மறைத்து வாங்கிய பாலிசி என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ரீமேப்புக்குப் பிறகு பாலிசியைப் புதுப்பித்திருந்தால் இந்த இடத்தில் உஷாராக இருங்கள்.

பதிப்புரிமை (காப்பிரைட்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நண்பர்கள் விஷயத்துக்கு அது வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு, முறையாகக் கையில் வந்த கணினி நிரலைச் சொந்த உபயோகத்துக்கு, வியாபாரமில்லாமல் மாற்றிக்கொள்வதை அனுமதிக்கிறது. உங்கள் காரில் நீங்கள் கைவைத்தவரை இந்த ஒரு குடை இருக்கிறது. நண்பரிடம் 2,000 வாங்கிய நிமிடம் அது போய்விடும். பணம் வாங்கினால் நீங்கள் சேவை கொடுத்தவர், அவர் டர்போ போனால் நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பாக உட்காரப் போவது நீங்கள். ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கிப் பாதியில் நின்றால் ஈ.சி.யு. அங்கேயே செத்துவிடும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, டோ வண்டி வைத்துத்தான் தூக்க வேண்டும், அந்தச் செலவும் உங்கள் தலையில். கேபிளோடு வந்த சாஃப்ட்வேர் கிராக் செய்ததாக இருந்தால், அதைத் தெரிந்தே பயன்படுத்துவது அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவில் தனிக் குற்றம்.

டெலிகிராம் ஆள் மேல் வழக்குப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சட்டம் தடுக்கும் காரியத்துக்கான ஒப்பந்தம் செல்லாது, ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவு. இ.ஜி.ஆர். ஆஃப் செய்த ஃபைலுக்குக் கொடுத்த 4,000-த்தைத் திருப்பிக் கேட்டு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. அவரோடு பேசிய சாட்டை மட்டும் அழிக்காதீர்கள்.

வண்டியை விற்கப் போகிறீர்கள் என்றால் ரீமேப் செய்ததை வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லி, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு விற்றுவிடுங்கள். விலை குறையும், பரவாயில்லை.