பொடோமாக் கரையில் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், வாஷிங்டனிலிருந்து மேரிலாண்டின் கம்பர்லாந்து வரை பழைய கால்வாயை ஒட்டிப் போகும் பொடோமாக் நதியோரச் சரளைப் பாதையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கே இந்த மாதப் பக்கம் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன்.

வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை 184.5 மைல். மேடே இல்லாத பாதை, மூன்று நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். நம்பிக் கிளம்பலாமா?
– வாசகர், சில்வர் ஸ்பிரிங்

முடிக்கலாம். ஆனால் அப்படிப் போகாதீர்கள்.

மேடு இல்லை என்பது உண்மைதான். பாதை முழுவதற்குமான ஏற்றம் 605 அடி. ஆனால் மேடு இல்லாத பாதையில் இறக்கமும் இல்லை. கால்களை ஓய்வாக வைத்துக்கொண்டு உருண்டு போக ஓர் இடம்கூடக் கிடைக்காது. காலையிலிருந்து மாலை வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நிலையில் உட்கார்ந்திருப்பதால் இடுப்பும் உள்ளங்கையும்தான் முதலில் கெஞ்சும். ஒரு நாளைக்கு அறுபது மைல் என்று கணக்குப் போட்டால் இரண்டாம் நாள் மதியத்துக்குமேல் முன்சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டீர்கள். பார்ப்பதற்காகவே போக வேண்டிய பாதை அது.

இது செசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாயின் கரை. சரக்குப் படகுகளைக் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்ற தடம். 1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டினார். மண்வெட்டி வேரில் மாட்டிக்கொண்டது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி வெட்டினார். அதே நாளில், நாற்பது மைல் தள்ளிப் பால்டிமோரில் ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயில் 1842இல் கம்பர்லாந்தைத் தொட்டுவிட்டது. கால்வாய் போய்ச் சேர்ந்தது 1850இல். ஒஹாயோ நதி வரை போவதாக இருந்த திட்டம் அங்கேயே நின்றது. 1924 வெள்ளத்துக்குப் பிறகு படகுப் போக்குவரத்தும் முடிந்தது. தோற்றுப்போன அந்த வியாபாரம்தான் நமக்கு இந்தப் பாதையைக் கொடுத்திருக்கிறது.

மூன்று நாள்தான் இருக்கிறதென்றால் நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரன்ஸ்விக்கில் (வாஷிங்டனிலிருந்து 55ஆம் மைல்) தொடங்கி வில்லியம்ஸ்போர்ட்டில் (99ஆம் மைல்) முடியுங்கள். 44 மைல். வேகமாகப் போகிறவருக்கு அது ஒரு நாள் வேலை. நான் சொல்வது மூன்று நாள்.

என்னுடையது சாதாரண ஹைப்ரிட் சைக்கிள். சரளைப் பாதைக்கென்று தனி சைக்கிள் வாங்க வேண்டுமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

வேண்டாம். டயரின் அகலம் மட்டும் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். 40 இருந்தால் இன்னும் நல்லது. பழுதுபார்த்த பகுதிகளில் பொடிக்கல்லை இறுக்கிப் போட்டிருக்கிறார்கள், சக்கரம் சத்தமில்லாமல் ஓடும். மற்ற இடங்களில் பழைய களிமண்ணும் மர வேர்களும்தான். மழை பெய்து இரண்டு நாளாவது காயாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். சேறு பிரேக்கிலும் செயினிலும் அப்பிக்கொள்ளும்; மட்கார்டு இல்லாவிட்டால் முதுகெல்லாம் கோடு விழும். உபரி டியூப் இரண்டு, கைப்பம்பு, செயின் எண்ணெய் இவற்றைக் கேரியரில் கட்டிக்கொள்ளுங்கள். பெல் கட்டாயம். இந்தக் கால்வாய் இப்போது ஒரு தேசியப் பூங்கா; மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பது பூங்காவின் விதி. நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்பதும் பன்னிரண்டும் வயது. பள்ளியில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பாடம் நடத்துகிறார்கள். ஒரே நாளில், சைக்கிளிலேயே போய்ப் பார்க்கும்படி எதைக் காட்டலாம்?
– வாசகி, ஆஷ்பர்ன்

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி, அம்மா. புத்தகத்தில் படித்ததை மிதித்துப் போய்ப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

பிரன்ஸ்விக்கில் வண்டியை நிறுத்திவிட்டு மேற்கே ஆறு மைல் மிதியுங்கள். வழியில் வரும் லாக் ஒன்றில் அவசியம் இறங்குங்கள். படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கல்தொட்டி அது. கீழ்க்கதவு வழியாகப் படகு உள்ளே வரும். கதவை மூடி மேலேயிருந்து தண்ணீரை விட்டால் படகு எட்டடி உயரும். மேல்கதவைத் திறந்தால் பயணம் தொடரும். கால்வாய் நெடுக இப்படி 74 லாக்குகள். பெரியவனைத் தொட்டியின் விளிம்பில் உட்கார வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று அவனையே கேளுங்கள். சின்னவனைக் கல்லில் கொத்தர்களின் அடையாளக் குறிகளைத் தேடச் சொல்லுங்கள். அவரவர் செதுக்கிய கல்லுக்குக் கூலி வாங்க அவரவர் போட்ட குறி. சில லாக்குகளில் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

பிறகு ஹார்ப்பர்ஸ் ஃபெரி. ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நதியைக் கடக்க வேண்டும். பொடோமாக்கும் ஷெனண்டோவாவும் கூடும் அந்தத் துறையில்தான் 1859 அக்டோபர் 16 இரவு ஜான் பிரவுன் சிறு கூட்டத்தோடு அரசின் ஆயுதக் கிடங்கைப் பிடித்தார். அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து விடுதலை வாங்கித் தருவது அவருடைய நோக்கம். அவரோடு வந்தவர்களில் கறுப்பினத்தவர் ஐவர். இரண்டு நாளில் பிடிபட்டார். டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். அவரைப் பிடிக்க வந்த படையின் தலைவர் ராபர்ட் லீ என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மூன்றாண்டுக்குள் அதே லீ, அரசை எதிர்த்த தென் மாநிலப் படையின் தளபதியாக இந்த நதியைத் தாண்டி வந்தார்.

அப்படி வந்த லீ மோதிய ஆன்டீட்டம் போர்க்களத்துக்கு இன்னொரு நாள் வேண்டும். ஆன்டீட்டம் போர் 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் நடந்தது. இறந்தவர், காயமடைந்தவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 23,000 பேர். போர்க்களத்துக்குக் காரில் போவார்கள் எல்லோரும். நீங்கள் ஷெப்பர்ட்ஸ்டவுனுக்கு எதிர்க்கரையிலிருந்து கால்வாய்ப் பாதையில் வாருங்கள். 75ஆம் மைல் கல்லைத் தாண்டியதும் வலது பக்கச் சுண்ணாம்புப் பாறையில் ஒரு குகை வாய் தெரியும். கில்லியன்ஸ்பர்க் குகை. போர்க்களத்தை ஒட்டிய ஷார்ப்ஸ்பர்க் ஊருக்குள் குண்டு விழுந்தபோது மக்கள் பதுங்கிக் கிடந்த இடம் அது. தளபதிகளின் சிலைகளைவிடப் பிள்ளைகளுக்கு அந்தக் குகைதான் போரைப் புரியவைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அங்கிருந்து ஒரு மைல் போனால் ஸ்னைடர்ஸ் லேண்டிங். அதிலிருந்து ஷார்ப்ஸ்பர்க்குக்குச் சிறு ஏற்றம் உள்ள தார்ச்சாலை. கார் வரும், பிள்ளைகளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள்.

மதுரையிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 66. ஊரில் இன்றும் சைக்கிளில்தான் மார்க்கெட்டுக்குப் போகிறார். இந்தப் பாதை அவருக்கு ஒத்துவருமா?
– வாசகர், ஃபிரெட்ரிக்

தாராளமாக. ஆனால் அவருக்குச் சரளை வேண்டாம். ஹான்காக் ஊருக்குக் கூட்டிப் போங்கள். கால்வாயை ஒட்டியே பழைய ரயில் தடத்தில் தார் போட்ட பாதை ஓடுகிறது. வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில் பாதை என்று பெயர், நீளம் ஏறத்தாழ 28 மைல். கார் தொந்தரவு இல்லை, நிழல் நிறைய. அப்பாவுக்குக் குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளாக வாடகைக்கு எடுங்கள். கியர் மாற்றுவதை வாகனம் நிறுத்துமிடத்திலேயே பழக்கிவிடுங்கள்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: இங்கே வலது பக்கம். நாற்பது ஐம்பது வருடமாக இடப்பக்கம் ஓட்டிய கை, எதிரே ஆள் வந்தால் தன்னையறியாமல் இடது பக்கம்தான் ஒதுங்கும். இன்னொன்று, பாதையோரத்தில் மும்மூன்று இலையாகப் படரும் பாய்சன் ஐவி கொடி. நம் ஊரில் இல்லாதது. பட்டால் தோல் கொப்புளித்து வாரக்கணக்கில் அரிக்கும். வீடு திரும்பியதும் கணுக்காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூடாரம் போட்டுத் தங்கி, பா பா சுரங்கம் வரை தனியாகப் போக ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்கிறீர்கள், அக்கா?
– மாணவி, காலேஜ் பார்க்

போய் வா, தங்கையே, ஆயத்தத்தோடு போ. நடைப்பயணிகளுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றே கரை நெடுகக் கூடார இடங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, ஓர் இடத்தில் ஓர் இரவுதான். மேசை, கழிப்பறை, கைப்பம்பு உண்டு. தண்ணீரில் அயோடின் கலந்திருப்பார்கள்; வாடை பிடிக்காவிட்டால் எலுமிச்சை பிழிந்துகொள். குளிர்காலத்தில் பம்புக் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். ஹான்காக்கைத் தாண்டினால் கடைகள் அரிது, தொலைபேசிக்கும் பல இடங்களில் சிக்னல் இருக்காது. எந்த இரவு எந்த மைலில் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பு. புளியோதரை இரண்டு நாள் தாங்கும். இன்னும் ஆட்கள் நடுவே தங்க விரும்பினால் வார இறுதியைத் தேர்ந்தெடு.

சுரங்கம் 155ஆம் மைலில். நீளம் 3,118 அடி. நதியின் வளைவுகளைத் தவிர்க்க மலையைக் குடைந்தார்கள். 1836இல் தொடங்கி 1850இல்தான் முடிந்தது. உள்ளே அறுபது லட்சம் செங்கல் இருக்கிறது. ஓட்டாதே, தள்ளிக்கொண்டு நட. தடம் குறுகல், தரை மேடுபள்ளம், மேலிருந்து தண்ணீர் சொட்டும். நல்ல விளக்கு வேண்டும். அந்த விளக்கை ஒருமுறை பக்கத்துக் கைப்பிடிக் கட்டையின் மேல் அடித்துப் பார்: கோவேறு கழுதைகள் இழுத்த கயிறு உரசி உரசி, விரல் பதியும் ஆழத்துக்குப் பள்ளங்கள். சுரங்கத்துக்குள் கால்வாய்க்கு ஒரே படகு போகும் அகலம்தான். எதிரெதிரே வந்த இரண்டு படகோட்டிகள் விட்டுக்கொடுக்காமல் நாள்கணக்கில் நிற்க, கம்பெனிக்காரர்கள் பச்சைச் சோளத்தட்டையைக் கொளுத்திப் புகைபோட்டு வெளியேற்றினார்கள் என்றொரு கதை சொல்வார்கள். பாறை சரிவுப் பணிக்காகச் சில சமயம் சுரங்கத்தை மூடி மலைமேல் சுற்றிவிடுவதுண்டு. பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பு.

செப்டம்பரில் போனால் பாதையோர மரங்களில் பா பா பழம் கிடைக்கும். நம் சீத்தாப்பழத்தின் குடும்பம். பச்சைத் தோல், உள்ளே மஞ்சள் சதை, பெரிய கறுப்பு விதைகள். தொட்டால் மெத்தென்று இருப்பதை மட்டும் எடு.

கம்பர்லாந்திலிருந்து திரும்பி வர என்ன வழி?
– வாசகர், ரெஸ்டன்

சிகாகோ பக்கமிருந்து வாஷிங்டன் வரும் ஆம்ட்ராக் ரயில் கம்பர்லாந்தில் நிற்கிறது. நாளுக்கு ஒன்றுதான், தாமதம் சகஜம். சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேற்கொண்டு பிட்ஸ்பர்க் வரை போக மனம் வந்தால் 150 மைல் கிரேட் அலகெனி பாதை அங்கேயே தொடங்குகிறது. அது 2,392 அடி உயரம் வரை ஏறும். அதிலுள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தை நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மூடி வைப்பார்கள்; அக்டோபருக்குள் போய்விடுங்கள்.