வாசகர் கேள்வி–பதில்: டன், குவிண்டால், மில்லியன் கிலோ

தேயிலை உற்பத்தியை மில்லியன் கிலோவில் சொல்கிறார்கள். நெல்லை லட்சம் டன்னில் சொல்கிறார்கள். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?
– வாசகர், கோத்தகிரி

எதுவானாலும் முதலில் கிலோவுக்கு இறக்கிவிடுங்கள். குவிண்டால் 100 கிலோ, டன் 1,000 கிலோ. ஒரு மில்லியன் கிலோ என்றால் 10 லட்சம் கிலோ. மூன்று பூஜ்யத்தை அடித்தால் 1,000 டன். லட்சம் டன் என்பது 10 கோடி கிலோ, அதாவது 100 மில்லியன் கிலோ. ஆகவே மில்லியன் கிலோ கணக்கை நூறால் வகுத்தால் லட்சம் டன் கிடைத்துவிடும். நாட்டின் ஆண்டுத் தேயிலை உற்பத்தி சுமார் 1,300 மில்லியன் கிலோ. அதுதான் 13 லட்சம் டன். மில்லியனை லட்சமாக எடுத்துக்கொண்டால் விடை பத்து மடங்கு இளைத்துப்போகும். அவசரத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புள்ளிவிவரம் தேயிலைத்தூளின் எடை. நீங்கள் ஃபேக்டரிக்குப் போடும் பச்சைத் தேயிலையின் எடை அல்ல. இலையில் ஈரம் 77 சதவீதம் என்றால் 100 கிலோவில் உலர்பொருள் 23 கிலோ. தூளில் 3 சதவீத ஈரம் இருக்கும், 23-ஐ 0.97-ஆல் வகுத்தால் 23.7 கிலோ தூள். மழைக்காலத்தில் ஈரம் 80-ஐத் தொட்டால் அதே 100 கிலோவுக்கு 20.6 கிலோதான் தேறும். உங்கள் இலைச் சீட்டின் எடையை டன்னாக்கி மாவட்ட உற்பத்தியோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

எடை மேடைச் சீட்டில் லோடு வண்டி 9,840, காலி வண்டி 4,620 என்று இருக்கிறது. கேரட் வாங்கியவர் 5 டன் 22 கிலோ என்று கணக்கெழுதியிருக்கிறார். சரியா?
– வாசகர், பூம்பாறை

சரியில்லை. கழித்தால் 5,220 கிலோ. அதை 5.22 டன் என்று எழுதலாம். ஆனால் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 22 கிலோ அல்ல, 220 கிலோ. 198 கிலோ காணாமல் போயிருக்கிறது. டன்னை எப்போதும் மூன்று தசம இடத்தோடு எழுதச் சொல்லுங்கள்: 5.220. உண்மையாகவே 22 கிலோ என்றால் 5.022 என்றுதான் வரும். குவிண்டாலில் இரண்டு இடம் போதும்: 52.20. இது 52 குவிண்டால் 20 கிலோ, 52.2 என்று விட்டால் யாராவது 2 கிலோ என்று படிப்பார்கள்.

சாக்கு எடையையும் பாருங்கள். சணல் சாக்கு ஒன்று முக்கால் கிலோ என்றால் 100 மூட்டைக்கு 75 கிலோ கழியும். இது நியாயமான கழிவு. டிரைவர் ஒரு தடவை வண்டியில் இருந்தால் இன்னொரு தடவையும் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு தடவையும் இறங்க வேண்டும். லோடோடு எடை போட்டபின் டீசல் நிரப்பிவிட்டுக் காலி வண்டியை எடை போட்டால் நஷ்டம் உங்களுக்கு.

உருளைக்கிழங்குக்கு ஹெக்டேருக்கு 15 டன் தொழு உரம் என்று கையேட்டில் இருக்கிறது. என்னிடம் 40 சென்ட்தான்.
– வாசகர், உதகை

ஒரு ஹெக்டேர் சுமார் 247 சென்ட். 15,000 கிலோவை 247-ஆல் வகுத்தால் சென்ட்டுக்கு 60.7 கிலோ, 40 சென்ட்டுக்கு ஏறக்குறைய 2,430 கிலோ. ஒன்றரை டன் ஏற்றும் வண்டியில் இரண்டு நடை.

பழைய எஸ்டேட் பதிவேட்டில் இருக்கும் ‘டன்’ இன்றைய டன்தானா?
– வாசகர், குன்னூர்

பெரும்பாலும் இல்லை. மெட்ரிக் அளவைக்கான சட்டம் வந்ததே 1956-இல். அதற்கு முந்தைய பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, அதாவது 1,016.05 கிலோ. அமெரிக்க டன் 2,000 பவுண்டு, 907.18 கிலோ. அமெரிக்காவுக்கு 20 டன் ஆர்டர் பேசும்போது எந்த டன் என்று எழுதி வாங்காவிட்டால் 1,856 கிலோ வித்தியாசத்தில் தகராறு வரும். பில்லில் ‘எம்.டி.’ என்றால் மெட்ரிக் டன். அறிவியல் கட்டுரையில் அதே எழுத்துகள் மெகாடன்னாக, 10 லட்சம் டன்னாக இருக்கலாம். ஒப்பந்தத்தில் கிலோவிலேயே எழுதிவிடுங்கள்.