பரோலோவும் வறுத்த மீனும்

வணக்கம் சார்,

வேலைக்காக இத்தாலியின் தோரினோவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் இருந்தவரை ஒயினைத் தொட்டதில்லை. இங்கே மதியச் சாப்பாட்டுக்கே ஆளுக்கு அரை கிளாஸ் ஊற்றிக்கொள்கிறார்கள். முதலில் மறுத்துக்கொண்டிருந்தேன், இப்போது நானும் கொஞ்சம் குடிக்கிறேன். பிடித்தும் இருக்கிறது. ஆனால் கடைக்குள் போனால் தலை சுற்றுகிறது. சுவர் முழுக்கப் பாட்டில்கள், ஒரு பெயரும் மனதில் நிற்பதில்லை. போன மாதம் என் பிறந்தநாளுக்கு, இந்தப் பக்கத்திலேயே பேர்பெற்றது என்று சொன்னதால் பரோலோ என்ற சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் வாங்கினேன். ஒன்று 40 யூரோ. போர்த்தா பலாட்சோ சந்தையில் மீன் வாங்கி, அம்மா செய்வதுபோல மிளகாய்த்தூள் தடவி வறுத்து, தோழிகளைக் கூப்பிட்டேன். ஒரு வாய் மீன், ஒரு வாய் ஒயின். பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல வாய் இழுத்துக்கொண்டது. மீனில் துருப்பிடித்த இரும்பின் வாடை. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கிளாஸ்கள் அப்படியே இருந்தன. என் நாக்குக்குப் பழக்கம் போதவில்லையா, ஒயின் கெட்டுப்போயிருந்ததா? இதை முறையாகக் கற்க வகுப்பில் சேர வேண்டுமா? நீங்கள் சில ஆண்டுகள் இத்தாலியில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். இன்னொரு பாட்டில் அலமாரியில் நிற்கிறது.

எஸ்., தோரினோ

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் நாக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஒயினும் கெட்டுப்போகவில்லை. அந்த மீனையும் அந்த ஒயினையும் ஒரே நேரத்தில் மேசையில் வைத்ததுதான் சிக்கல்.

பச்சைப் பாக்கு என்று எழுதினீர்களே, அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. சிவப்பு ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் டானின் என்று ஓயாமல் சொல்வது நம்முடைய துவர்ப்பைத்தான். அறுசுவையில் அதற்கு ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். நாவல்பழம், வாழைப்பூ, மாதுளைத் தோல் என்று சின்ன வயதிலிருந்தே நாக்குக்குத் தெரியும். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் அது ஒயினுக்குள் இறங்குகிறது. வாய்க்குள் போனதும் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய்விடுவதால் வாய் இழுக்கிறது. அதே நேரத்தில் வாயில் இறைச்சியும் கொழுப்பும் இருந்தால் துவர்ப்பு அவற்றோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், நாக்கு தப்பித்துவிடும். பரோலோ செய்யப்படும் நெப்பியோலோ திராட்சையில் துவர்ப்பு மிக அதிகம். ஆனால் கிளாஸில் ஊற்றினால் செங்கல் கலந்த வெளிர் சிவப்பாக, இலேசான ஒயினைப் போலத் தெரியும். நிறத்தை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன்.

இரும்பு வாடைக்கும் காரணம் இருக்கிறது. சிவப்பு ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு மீன் எண்ணெயோடு சேரும்போதுதான் அந்த வாடை கிளம்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். மிளகாய்த்தூள் வேறு தடவியிருக்கிறீர்கள். பரோலோவில் 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் இருக்கும், அது காரத்தை இன்னும் தூக்கிவிடும். இத்தனையும் சேர்ந்துதான் கிளாஸ்கள் அப்படியே இருந்தன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வகுப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு இத்தாலிய ஒயினுக்குள் நுழைவது மிகக் கடினம். அங்கே நூற்றுக்கணக்கான திராட்சை வகைகள், நூற்றுக்கணக்கான ஊர்ப்பெயர்கள். தட்டிலிருந்து தொடங்குங்கள். இந்தச் சாப்பாடு எந்த ஊருடையது, அந்த ஊர்க்காரர்கள் இதோடு எதைக் குடிக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டுதான் நான் கற்றேன், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இது புரிந்தது மோதேனாவில். அப்போது பொலோன்யாவில் இருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறினால் அரை மணிக்குள் மோதேனா. அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் ஞோக்கோ ஃப்ரித்தோ என்று கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்ததும் பூரி என்றே நினைத்தேன். சதுரமாக வெட்டிய மாவு, புஸ்ஸென்று உப்பி, தொட்டால் விரல் சுடும் சூட்டில். பொரிப்பது பன்றிக்கொழுப்பில். அதைக் கிழித்து, உள்ளே காகிதம்போலச் சீவிய ப்ரொஷூத்தோவை, அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையை, வைக்க வேண்டும். சூட்டில் அதன் வெள்ளைக் கொழுப்பு கண்ணாடியாகி உருகும். இரண்டு தின்றேன், நாக்கில் எண்ணெய்ப் பூச்சு. மூன்றாவதைக் கையில் எடுத்தேன், தின்ன மனம் வரவில்லை. அப்போது கடைக்கார அம்மா லாம்ப்ரூஸ்கோ என்ற குளிர்ந்த சிவப்பு ஒயினை ஒரு சாதாரணத் தம்ளரில் ஊற்றினார். இளஞ்சிவப்பு நுரை பொங்கி, ஒரு நொடி நின்று அடங்கியது. குடித்தேன். புளிப்பும் குமிழியும் சேர்ந்து வாயைக் கழுவிவிட்டன. கையிலிருந்த மூன்றாவது முதல் துண்டைப் போல இருந்தது.

அதற்கு முன்பு அதே லாம்ப்ரூஸ்கோவை ஒரு விருந்தில், சாப்பாடு வருமுன் தனியாகக் குடித்து, புளித்த பானம் என்று ஒதுக்கியிருந்தேன். சிவப்பு ஒயின் குளிர்ந்தும் நுரைத்தும் இருக்கலாமா என்ற சந்தேகம் வேறு. அமெரிக்காவுக்கு 1970களிலும் 80களிலும் இனிப்பான மலிவு லாம்ப்ரூஸ்கோ கப்பல் கப்பலாகப் போனது. அதனால் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் சொல்வது துளி இனிப்பும் இல்லாத, சொர்பாரா என்ற ஊரின் வகை. செக்கியா, பனாரோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள மண்ணில் விளைகிறது. அந்தக் கொடியின் பூவில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. அதனால் பக்கத்திலேயே சலமீனோ என்ற வேறொரு லாம்ப்ரூஸ்கோ வகையை நட்டு வைக்கிறார்கள். அப்படியும் குலையில் பாதிதான் காய்க்கும். இவ்வளவு சிரமப்படுத்தும் கொடியை அந்த மக்கள் விடாமல் வளர்ப்பதற்குக் காரணம் அந்தப் பன்றிக்கொழுப்புதான் என்று நான் நினைக்கிறேன். மோதேனாவிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, பொலோன்யாவின் மலைச்சரிவுகளுக்குப் போனால் பேச்சே மாறிவிடும். அங்கே பிஞோலெத்தோ என்ற வெள்ளை ஒயின்.

இது தற்செயல் இல்லை. இத்தாலி ஒரே நாடானது 1861இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆட்சி, தனிச் சந்தை, தனிப் பேச்சு. டஸ்கனி பகுதியில் பாதி விளைச்சலை நிலக்காரருக்குக் கொடுக்கும் வார முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இருந்தது. அந்தக் குடியானவர்கள் திராட்சையைத் தனித் தோட்டமாகப் போடவில்லை. வயலின் வரப்போரம் மேப்பிள் மரங்களை நட்டு, அவற்றின்மேல் கொடியை ஏற்றிவிட்டார்கள். கீழே கோதுமையும் அவரையும், பக்கத்தில் ஆலிவ். ஒரே வயலிலிருந்து ரொட்டி, எண்ணெய், பருப்பு, ஒயின் எல்லாம் வந்தன. டஸ்கனி ரொட்டியில் உப்பு போட மாட்டார்கள், நமக்குச் சப்பென்றிருக்கும். ஆலிவ் எண்ணெய் ஊற்றிய அவரைக் கஞ்சியில் அதைத் தோய்த்துத் தின்று, புளிப்பும் துவர்ப்பும் உள்ள அந்த ஊர்க் கியாந்தி ஒயினை ஒரு மடக்குக் குடித்தால் எதற்காக அப்படி என்று நாக்குக்கே தெரிந்துவிடும்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். நீங்கள் இருப்பது பியெமோந்தே பகுதி, அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பரோலோவை அங்கே பண்டிகைக்குத்தான் எடுப்பார்கள். சட்டப்படியே 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பரோலோ விளைவிக்கிற குடும்பங்கள்கூட அதை விற்றுவிட்டு, அன்றாடச் சாப்பாட்டுக்கு டோல்செட்டோ அல்லது பார்பேராதான் வைத்துக்கொள்வார்கள். டோல்செட்டோ என்றால் சின்ன இனிப்பு என்று பொருள், ஆனால் ஒயினில் இனிப்பே கிடையாது, முடிவில் இலேசான கசப்பு வரும். பார்பேராவில் புளிப்பு தூக்கல், துவர்ப்பு குறைவு. தக்காளி போட்டது எதுவானாலும் அதோடு ஒத்துப்போகும். 12 யூரோவுக்குள் நல்லதாகவே கிடைக்கும்.

இலையுதிர்காலத்தில் உங்கள் அலுவலக நண்பர்களிடம் பாஞ்ஞா கவுதா சாப்பிட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார்கள். உப்பிட்ட நெத்திலி, நிறையப் பூண்டு, ஆலிவ் எண்ணெய் மூன்றையும் சின்னத் தீயில் நெத்திலி கரையும்வரை வைப்பார்கள். அந்த மண்சட்டிக்கு அடியில் விளக்கை ஏற்றி மேசைக்குக் கொண்டுவருவார்கள். முட்டைக்கோஸ், குடைமிளகாய், கார்தோ என்ற தண்டுக்காய் எல்லாவற்றையும் அதில் தோய்த்துத் தின்பது. கடலே இல்லாத பியெமோந்தேக்கு நெத்திலி எப்படி வந்தது? லிகூரியாக் கடற்கரையிலிருந்து உப்போடு மலையேறி வந்தது. மாய்ரா பள்ளத்தாக்கின் ஏழைக் குடியானவர்கள் குளிர்காலத்தில் வண்டியோடு ஊர் ஊராக நெத்திலி விற்றார்கள். பக்கத்து வீட்டுக் கருவாட்டு மணத்தில் வளர்ந்தவருக்கு அந்தச் சட்டி உடனே பிடித்துவிடும். இதோடு அவர்கள் குடிப்பது சிவப்பு பார்பேரா! மீனுக்குச் சிவப்பே ஆகாது என்ற விதியை வைத்திருப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். துவர்ப்பு குறைவு, எண்ணெயை வெட்டப் புளிப்பு இருக்கிறது, பூண்டு மற்றதைப் பார்த்துக்கொள்கிறது.

பார்பேராவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1986இல் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து வட இத்தாலியில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிலருக்குக் கண் போனது. மெத்தனால் என்ன செய்யும் என்று நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதில் பார்பேராவின் பேரும் அடிபட்டது. அதன்பின் சோதனைகள் கடுமையாயின. குலைகளைப் பாதியில் வெட்டி விளைச்சலைக் குறைத்துத் தரத்தை உயர்த்தும் வேலையில் பல குடும்பங்கள் இறங்கின. இன்று நீங்கள் பயமின்றி வாங்கும் 10 யூரோ பாட்டிலுக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

வறுத்த மீனுக்கு என்ன செய்வது? அதற்கும் பியெமோந்தேயிலேயே பதில் உண்டு. தானாரோ ஆற்றுக்கு மறுகரையில் உள்ள ரொயெரோவின் ஆர்னேய்ஸ் ஒரு வெள்ளை ஒயின். அந்த வட்டாரப் பேச்சில் ஆர்னேய்ஸ் என்றால் அடங்காத பிள்ளை. 1970களில் ஏறக்குறைய அழிந்தேபோன கொடி, சிலர் பிடிவாதமாக மீட்டார்கள். இன்னொன்று காவி, தெற்கு எல்லையில் உள்ள ஊர். நீண்ட காலம் ஜெனோவாவின் ஆட்சியில் இருந்தது, ஜெனோவாக்காரர்களின் மீன் சாப்பாட்டுக்கான வெள்ளை ஒயின் அங்கிருந்துதான் போனது. உங்கள் மீனை அடுத்த முறை மிளகாய்த்தூள் குறைத்து வறுத்து, எலுமிச்சை பிழிந்து, குளிர்ந்த காவியோடு கொடுங்கள். அம்மாவின் அளவில்தான் காரம் வேண்டும் என்றால் என் யோசனை மொஸ்காத்தோ தஸ்தி. ஆல்கஹால் 5 சதவீதம்தான், இனிப்பும் குமிழியும் காரத்தை அடக்கும். இத்தாலியர்கள் அதை ஹேசல் கொட்டைக் கேக்கோடு குடிப்பார்கள், மீனோடு பார்த்தால் திகைப்பார்கள். திகைக்கட்டும்.

கடையில் லேபிளைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பரோலோ, காவி இவை ஊர்ப்பெயர்கள். பார்பேரா தால்பா என்றால் பார்பேரா திராட்சை, ஆல்பா என்ற ஊர். பெரிய குழப்பம் மொந்தேபுல்சானோவில் வரும். அப்ருட்சோ பகுதியில் அது திராட்சையின் பெயர், டஸ்கனியில் ஓர் ஊரின் பெயர், அந்த ஊர் ஒயின் சாஞ்சோவேசே திராட்சையில் செய்வது. மற்றபடி, 100க்கு இத்தனை மதிப்பெண் என்று பாட்டிலின் கழுத்தில் தொங்கும் சீட்டைப் பொருட்படுத்த வேண்டாம். மதிப்பெண் போடுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பாடு இல்லாமல், வரிசையாக ருசித்துத் துப்பிப் போடுகிறார்கள். சாப்பாட்டுக்காகச் செய்த ஒயினை அப்படி அளப்பது எனக்குச் சம்மதமில்லை. உணவகத்தில் தயங்காமல், அந்தக் கடையில் வழக்கமாக ஊற்றும் ஒயினில் கால் லிட்டர் கேளுங்கள். நல்ல சமையல் உள்ள கடையில் அது பெரும்பாலும் அந்தச் சமையலுக்குப் பொருந்துவதாகவே இருக்கும்.

ஒரு ஞாயிறு ஆல்பா பக்கம் போய் வாருங்கள். கிரின்சானே கவூர் கோட்டையில் 1967 முதல் நடக்கும் ஒயின் கூடத்தில் வட்டாரத்து ஒயின்கள் பலவற்றை வைத்திருக்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் போனால் குன்றுகளுக்கு நடுவே பள்ளமெல்லாம் பனிமூட்டம் நிறைந்திருக்கும். அவர்கள் மொழியில் மூடுபனி நெப்பியா, நெப்பியோலோவுக்கு அதிலிருந்துதான் பெயர் வந்தது என்பார்கள்.

அப்புறம், அலமாரியில் நிற்கும் அந்தப் பாட்டில். முதலில் அதைப் படுக்க வையுங்கள், வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில். கார்க் காயக்கூடாது. டிசம்பரில் ஒரு நாள், மாட்டிறைச்சி சாப்பிடுவீர்கள் என்றால், பிராசாத்தோ செய்யுங்கள். முழுத் துண்டை வெங்காயம், கேரட், செலரியோடு சிவப்பு ஒயினில் மூன்று மணி நேரம் சின்னத் தீயில் வேகவைப்பது. சட்டியில் ஊற்ற பார்பேரா போதும், பரோலோவை ஊற்றாதீர்கள். மாடு வேண்டாமென்றால் முட்டை மஞ்சள் கருவில் பிசைந்த தயாரின் நூடுல்ஸை வெண்ணெயிலும் காளானிலும் புரட்டி, மேலே காஸ்தெல்மாஞ்ஞோ பாலாடைக்கட்டியைத் துருவுங்கள். பாட்டிலை இரண்டு மணி நேரம் முன்னதாகத் திறந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வையுங்கள். ரோஜா வாசனையும் புதுத் தார்ச்சாலை வாசனையும் ஒன்றாக எழும். அதே தோழிகளைக் கூப்பிடுங்கள். முதல் வாயைச் சாப்பாடு இல்லாமல் குடியுங்கள், பாக்கு அப்படியேதான் இருக்கும். இரண்டாவது வாய், இறைச்சியையோ தயாரினையோ மென்று விழுங்கிய பிறகு. கிளாஸ்கள் என்னவாயின என்று எழுதுங்கள்.

அன்புடன்.