சிசேரியனின்போது குழந்தையின் தலை கீழே சிக்கிக்கொண்டால் உதவும் கருவிகள் உண்டா?

பிறப்புவழியாகக் கீழிருந்து ஒருவர் தலையைக் கையால் தள்ளுவதைத் தவிர வேறு வழியே இல்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அறுவை அரங்கில் செவிலியராகப் பணியாற்றுபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கர்ப்பப்பை வாய் 10 சென்டிமீட்டர் அளவுக்கு முழுவதும் திறந்து, தாய் நெடுநேரம் முக்கித் தள்ளிய பின்னர் சிசேரியன் என்று முடிவானால், தலை இடுப்பெலும்புக்குள் இறங்கி இறுகிப்போயிருக்கும். மருத்துவரின் விரல்கள் நுழையக்கூட இடம் இருக்காது. தூக்க முயலும்போது தலைக்குக் கீழே வெற்றிடம் உண்டாகி, அதுவும் பிடித்து இழுக்கும். வலிந்து எடுத்தால் கர்ப்பப்பையின் கீறல் பக்கவாட்டில் கிழிந்து இரத்தப்போக்கு மிகும்.

இதற்கெனவே வந்தது ‘ஃபீட்டல் பில்லோ’ என்ற சிலிக்கோன் பலூன். வயிற்றைத் திறப்பதற்கு முன்பே அதை மடித்து, பிறப்புவழியில் தலைக்குக் கீழே, பின்பக்கமாக வைப்பார்கள். உடனே தாயின் கால்களை நேராக நீட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பலூன் வெளியே நழுவிவிடும். பிறகு 60 மில்லி சிரிஞ்சால் மூன்று முறை, மொத்தம் 180 மில்லி சலைன் (உப்புநீர்) செலுத்தினால், பலூன் உப்பித் தலையைச் சில சென்டிமீட்டர் மேலே தூக்கும். ‘டைட்மன் டியூப்’ என்பது உள்ளே துளையுள்ள குழாய். கீழிருந்து தலையைத் தாங்கித் தள்ளும்போதே காற்றை உள்ளே விட்டு அந்த வெற்றிடத்தையும் நீக்கிவிடும். தலையைப் பற்றும் ஃபோர்செப்ஸ் இடுக்கி, உறிஞ்சிப் பிடிக்கும் வேக்கம் கருவி ஆகியவை தலை மேலே மிதக்கும்போதுதான் உதவும், இறுகியிருக்கும்போது அல்ல.

பலூனால் கிழிசல் குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறினாலும், போதிய சான்று இன்னும் சேரவில்லை. ஆகவே கருவி இருந்தாலும் கைப்பழக்கத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கீழிருந்து தள்ளுபவர் விரல்நுனிகளால் குத்தாமல், விரித்த கையால் தலையை ஏந்த வேண்டும். மெல்லிய மண்டையோட்டில் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்தால் எலும்பு முறியக்கூடும். முதலில் குழந்தையின் கால்களைப் பிடித்து எடுப்பதும், தோள்களை முதலில் வெளிக்கொணரும் பட்வர்தன் முறையும் உண்டு.

ஒன்று விட்டுப்போயிற்று: குழந்தை வந்ததும் பலூனின் குழாயைத் திறந்து சலைனை வடிய விட வேண்டும், அறுவை முடிந்து, பயன்படுத்திய துணிகள் உள்ளே தங்கிவிடவில்லையா என்று எண்ணும்போது, பலூனும் வெளியே வந்துவிட்டதா என்று நான் வாய்விட்டுக் கேட்பது வழக்கம்.