பைத்தான் 3.8 ‘காலாவதி’: குறுவை நேரத்தில் பில் நின்றுவிடுமா?

கேள்வி: நீடாமங்கலத்தில் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறோம். பில்லும் விவசாயிகளின் கடன் கணக்கும் உள்ளூரில் ஒருவர் எழுதிக்கொடுத்த மென்பொருளில் ஓடுகின்றன. பைத்தான் 3.8, ஜாங்கோ 4.2 என்று அதில் காட்டுகிறது. கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7. “3.8-க்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க 60,000 ரூபாய் ஆகும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் பில் வராது” என்கிறார் அவர். என்ன செய்வது?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். பைத்தான் என்பது மென்பொருள் எழுதும் நிரல் மொழி, அதற்கு லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையாது. அது இலவசம், என்றும் இலவசம். புதுப்பிக்க வேண்டிய லைசென்ஸே இல்லாதபோது புதுப்பிக்கக் கட்டணம் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள். வேலைக்குக் கூலி கேட்டால் அது நியாயம். அதை வேலைக்கான கூலி என்றே எழுதி, என்ன வேலை, எத்தனை நாள் என்று குறித்துத் தரட்டும்.

அடுத்த மாதம் பில் நிற்காது. 3.8 வெளியானது 2019 அக்டோபரில், ஐந்து வருட ஆயுள் முடிந்தது 2024 அக்டோபரில். முடிந்தது என்றால், இனி அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் யாரும் அடைத்துத் தரமாட்டார்கள் என்று பொருள். நெல் அறுவை மெஷினின் பழைய மாடலுக்குக் கம்பெனி உதிரிபாகம் தருவதை நிறுத்திய மாதிரி. மெஷின் வயலில் இறங்கும், ஓடும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸுக்கான 3.8-இன் கடைசி இன்ஸ்டாலர் (நிறுவும் கோப்பு) 3.8.10, வந்தது 2021 மே மாதம். அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் சோர்ஸ் கோடாக, அதாவது நேரடியாக நிறுவ முடியாத மூல நிரலாக மட்டுமே வந்தன. ஆகவே உங்கள் கல்லா கம்ப்யூட்டர் 2021-லிருந்தே திருத்தம் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் வாய் திறக்காதவர் இப்போது அடுத்த மாதம் என்று கெடு வைக்கிறார்.

நீங்கள் கேள்விப்பட்ட ‘ஆதரவு நிறுத்தம்’ பெரும்பாலும் லைப்ரரிகளை, அதாவது மென்பொருள் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளைப் பற்றியது. தன்னார்வலர்கள் பராமரிக்கும் அவை, பழைய பைத்தானில் சோதித்துப் பார்ப்பதை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. கணக்கீட்டு லைப்ரரியான நம்பை 2.0-க்குக் குறைந்தது பைத்தான் 3.9 வேண்டும், உங்கள் மென்பொருளுக்கு அடித்தளமான ஜாங்கோவின் 5.0-க்கு 3.10 வேண்டும். அதனால் கையில் இருப்பது கெடாது. 3.8-இல் லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவினால், 3.8-க்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை அதுவே பார்த்து எடுத்துக்கொள்ளும். 2020 ஜனவரி 1-இல் பைத்தான் 2.7 முடிந்தபோது நிரல்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அந்தப் பயத்தை வைத்துத்தான் இன்றும் வியாபாரம் நடக்கிறது. 3.8-லிருந்து புதிய 3.12 பதிப்புக்குப் போவது அந்த அளவு வேலை இல்லை. விஷயம் தெரிந்தவருக்குச் சோதனையும் சேர்த்து மூன்று நான்கு நாள் வேலை.

உங்களுக்கு உண்மையான முட்டுக்கட்டை விண்டோஸ் 7. பைத்தான் 3.9-இன் இன்ஸ்டாலர் விண்டோஸ் 7-இல் ஏறவே ஏறாது. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கடைசி 3.8தான். எப்படியாவது ஏற்றித் தருகிறேன் என்று யாராவது பென்டிரைவில் மாற்றியமைத்த பைத்தானைக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். விவசாயிகளின் கடன் விவரம் முழுதும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கே ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அதனால் இரண்டே வழி: விண்டோஸ் 11 ஓடும் கம்ப்யூட்டர் வாங்குவது, அல்லது இருப்பதிலேயே விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 24.04 என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது. உபுண்டுவோடு பைத்தான் 3.12 கூடவே வரும், 2029 வரை பாதுகாப்புத் திருத்தமும் இலவசமாக வரும். நான் உபுண்டுவைச் சொல்வேன். ஆனால் முதலில் அதைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, உங்கள் பில் பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பாருங்கள். அச்சடிக்காவிட்டால் மறுயோசனை வேண்டாம், புதுக் கம்ப்யூட்டர்தான். மானிய உர விற்பனையைப் பதியும் பிஓஎஸ் கருவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாற்றுவதற்கு முன் அவரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சோர்ஸ் கோடு முழுவதும், பிப் ஃப்ரீஸ் கட்டளை தரும் லைப்ரரிப் பட்டியல், மென்பொருளை மூடியபின் எடுத்த டேட்டாபேஸ் நகல். சோர்ஸ் இல்லாமல் எக்ஸ்இ கோப்பு (கிளிக் செய்தால் ஓடும் தயார்க் கோப்பு) மட்டும் தந்திருந்தால் வேறு யாராலும் மேம்படுத்த முடியாது. காலம் முழுக்க அவர் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான். நம் ஊர்களில் பணம் வாங்கிக்கொண்டு சோர்ஸைத் தராமல் இருப்பது வழக்கமாகிவிட்டது. வாங்குகிறவர்களும் எழுத்தில் கேட்பதில்லை. பைத்தான் பதிப்புகளின் முடிவுத் தேதி ஐந்து வருடம் முன்பே அறிவிக்கப்படுகிறது. ஆனால் அறிவிப்பு ஆங்கிலத்தில், கடைக்காரர் எட்டிப் பார்க்காத இடத்தில் கிடக்கிறது. அதைப் படித்துச் சொல்லத்தான் ஆள் வைத்துக் காசு கொடுக்கிறோம். அவரோ தேதி தாண்டியபின் வந்து மிரட்டுகிறார்.

வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். ஜாங்கோ 4.2-ஐத் தொடாமல் பைத்தானை மட்டும் 3.12-க்கு மாற்ற வேண்டும், 4.2 அதில் ஓடும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் பிழை எதிலிருந்து வந்தது என்று தெரியாது. ஒரு வாரம் பில் ஒழுங்காக வந்தபின் ஜாங்கோவை 5.2-க்கு ஏற்றலாம். 4.2-க்கான ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான், 5.2-க்கு 2028 ஏப்ரல் வரை.

பழைய லைப்ரரி ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து ஒட்டக்கூடாது. உள்ளே 3.8-க்கென்று கட்டப்பட்ட பாகங்கள் இருக்கும், 3.12-இல் ஏறாது. தனியாக ஒரு வென்வ் (இந்த மென்பொருளுக்கு மட்டுமான பைத்தான் ஃபோல்டர்) உருவாக்கிப் புதிதாக நிறுவ வேண்டும். படங்களைக் கையாளும் லைப்ரரியான பில்லோவின் பழைய பதிப்பைக் கேட்டால் 3.12-க்கான தயார்ப் பொதி கிடைக்காமல், மூல நிரலிலிருந்து கட்டும் சி கம்பைலர் வேண்டும் என்று பிழை வரும். கம்பைலர் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், புதிய பில்லோ போட்டால் சரியாகிவிடும். ஆனால் பில்லோ 10-இலிருந்து படத்தின் அளவை மாற்றும்போது நிரலில் எழுதும் ‘ஆன்டிஅலையாஸ்’ என்ற பெயர் நீக்கப்பட்டது. பில்லில் கடைச் சின்னம் வருமிடத்தில் அது இருந்தால் ஒரு வரி திருத்த வேண்டும். முன்பு பைத்தானோடு வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற நிறுவும் பாகம் 3.12-இல் இல்லை, அதைத் தேடும் பழைய லைப்ரரி விழும்.

சோதனைக்கு, நகல் டேட்டாபேஸில் பழைய பில் இருபதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மூன்று மூட்டைக்கு 799 ரூபாய் 50 காசு வர வேண்டும். 5 சதவீத ஜிஎஸ்டி உரமும் 18 சதவீத மருந்தும் ஒரே பில்லில் இருப்பதாகக் குறைந்தது ஐந்து பில் எடுங்கள். கடன் பாக்கி மொத்தம் பழைய மென்பொருளில் உள்ளதோடு காசுவரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போன பிறகே மீதிக் கூலியைக் கொடுங்கள்.

மாற்றும்வரை ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். வீட்டிலிருந்து மொபைலில் கணக்குப் பார்க்க ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் வரும் வழி) திறந்து வைத்திருந்தால் மூடிவிடுங்கள். மாற்றத்தை மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி வைக்காதீர்கள், மார்ச் கடைசியிலும் வேண்டாம். வருடக் கணக்கை முடித்து, ஏப்ரல் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பியுங்கள். பழைய கம்ப்யூட்டரை இணைய இணைப்பை எடுத்துவிட்டு ஒரு மாதம் ஓரமாக வைத்திருங்கள்.