மகன் ஓட்டும் ஜீப்புக்காக என் விதவை பென்ஷனை நிறுத்தலாமா?

கேள்வி: இடுக்கி மாவட்டத்தில் மறையூர் பக்கம் இருக்கிறேன். வயது 54. கணவர் இறந்ததிலிருந்து விதவை பென்ஷன் வந்துகொண்டிருந்தது. கரும்புக் காட்டில் கூலி வேலை. மூன்று மாதமாகப் பென்ஷன் வரவில்லை. இப்போது பஞ்சாயத்திலிருந்து மலையாளத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொன்னான். மறுபரிசோதனையில் எங்கள் குடும்பத்தில் 1000 சிசிக்கு மேல் நாலு சக்கர வண்டி இருப்பது தெரிந்ததாம். 15 நாளில் விளக்கம் கொடுக்காவிட்டால் இதுவரை வாங்கிய பணத்தைத் திரும்பக் கட்ட வேண்டுமாம். என் மகன் கடன் வாங்கி, டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். அவன் பெயரும் என் ரேஷன் கார்டில் இருக்கிறது. விசாரிக்கப் போனபோது, "பென்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிரச்னை இல்லாமல் முடியும்" என்றார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள், அம்மா. அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டால், தகுதியில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக நாளைக்கு அதையே உங்களுக்கு எதிராக எடுத்து வைப்பார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கவும் அதுவே வழியாகிவிடும். படித்துப் புரியாத எந்தத் தாளிலும், யார் சொன்னாலும், கையெழுத்து வேண்டாம்.

இனி ஜீப் விஷயம். சமூகப் பாதுகாப்பு பென்ஷனுக்குக் கேரள அரசு வைத்திருக்கும் நிபந்தனையில் 1000 சிசி கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது டாக்சி அல்லாத வண்டிகளுக்குத்தான். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் வண்டியை அந்த நிபந்தனை விலக்கியே வைத்திருக்கிறது. உங்களுக்கு வந்த கடிதத்தில் இந்தப் பாதி இல்லை. கணினியில் வண்டிப் பதிவையும் ரேஷன் கார்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது மகனின் ஜீப் மாட்டியிருக்கலாம். அது எந்த வகை வண்டி என்று ஆள் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆகவே இன்றைக்கே ஜீப்பின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது வாடகை வண்டி. ஆர்.சி. புக், பெர்மிட், இன்சூரன்ஸ், கடன் பத்திரம் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பலகையாக இருந்தால் நிலைமை வேறு. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தப்பு. அதை எழுத்தில் சொன்னால் மகனுக்குத் தொல்லை வரும். அப்படியானால் பதில் எழுதுவதற்கு முன் ஒரு வக்கீலை நேரில் பார்த்துவிடுங்கள்.

ஜீப்பை விட்டுவிட்டு, அடுத்து வருமானத்தைப் பிடிக்கவும் வாய்ப்புண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதும் நிபந்தனை. மகன் சவாரியில் வாங்குகிற பணம் முழுவதும் வருமானம் ஆகிவிடாது. டீசல், கடன் வட்டி, இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் போக மிஞ்சுவதுதான் வருமானம். வில்லேஜ் ஆபீசில் புதிய வருமானச் சான்று கேட்கும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, தவணை கட்டிய ரசீதுகளோடு கொடுங்கள்.

மறுபரிசோதனையே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் கேரள நிதித்துறை நடத்திய பரிசோதனையில் 1,458 அரசு ஊழியர்கள் ஏழைகளுக்கான இந்தப் பென்ஷனை வாங்கியது தெரியவந்தது. அவர்களிடம் 18 சதவீத வட்டியோடு திரும்ப வாங்க உத்தரவானது சரியான காரியம். ஆனால் அவர்களைப் பிடிக்கப் போட்ட வலையில் கரும்பு வெட்டும் ஒரு விதவை சிக்கும்போது, அவர் சொல்வதைக் கேட்காமல் சோற்றை நிறுத்துவது சட்டமும் அல்ல, நியாயமும் அல்ல. உங்கள் விஷயத்தில் முதலில் பணத்தை நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து விளக்கம் கேட்கிறார்கள். கேட்ட பிறகுதான் முடிவெடுத்திருக்க வேண்டும். இதைப் பதிலில் கட்டாயம் எழுதுங்கள். பிறகு ஜீப்பை விட்டு வேறு காரணம் சொன்னாலும், உத்தரவில் எழுதிய காரணத்தை வைத்துத்தான் அந்த உத்தரவை எடைபோட வேண்டும், பிற்பாடு புதுக் காரணம் சேர்த்து அதைக் காப்பாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-லேயே சொல்லிவிட்டது.

பழைய பணத்தைத் திரும்பக் கேட்பது பற்றி உங்களுக்குப் பயம் இருப்பது நீங்கள் எழுதியதில் தெரிகிறது. கேரளத்து ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம், பொய் சொல்லியோ ஏமாற்றியோ வாங்காத, அதிகாரிகளின் தவறால் வந்த கூடுதல் பணத்தைப் பிடிக்க அனுமதிக்கவில்லை. அது சம்பளம் பற்றிய வழக்கு, பென்ஷன் திட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனாலும் நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்றால் அந்த வாதம் உங்களுக்கு உண்டு.

பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் மறையூர் இருக்கும் தேவிகுளம் தாலுகா தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதி. 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. இப்படி எழுதினால் போதும்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் சொல்லியுள்ள வண்டி என் மகன் வாடகைக்கு ஓட்டும் டாக்சி. ஆர்.சி., பெர்மிட் நகல்கள் இணைத்துள்ளேன். என் தரப்பைக் கேட்காமல் நிறுத்திய பென்ஷனை நிலுவையுடன் வழங்க வேண்டுகிறேன். முடிவெடுக்கும் முன் என்னை நேரில் விசாரிக்கவும். உத்தரவைத் தமிழில், காரணங்களுடன் தரவும்."

கெடு முடிவதற்குள் பஞ்சாயத்து ஆபீசில் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

இன்னொன்று. உங்களுக்கு 60 வயது ஆகாததால், மறுமணம் செய்யவில்லை என்ற சான்றை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். அரசு இணையச் சேவை தரும் அக்ஷயா மையத்தில் மஸ்டரிங்கும், அதாவது பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் பதிவும், முடித்திருக்க வேண்டும். இந்த இரண்டில் ஏதாவது விட்டுப்போயிருந்தாலும் பணம் நின்றிருக்கும், சரிபாருங்கள். நிலுவை வரும்போது, 2025 நவம்பர் முதல் மாதத் தொகை 1,600 ரூபாயிலிருந்து 2,000 ஆக உயர்ந்ததையும் கணக்கில் பாருங்கள்.

பதில் கொடுத்தும் பஞ்சாயத்து அசையவில்லை என்றால், தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண் என்ற ஒரு காரணமே இலவச வக்கீலுக்குப் போதும், வருமானம் பார்ப்பதில்லை. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் அழைத்தும் கேட்கலாம். எர்ணாகுளம் உயர் நீதிமன்றத்தில் பஞ்சாயத்தின் முடிவை எதிர்த்து ரிட் மனு போடும் நிலை வந்தாலும், அதற்கும் இதே வழியில் வக்கீல் கிடைப்பார். அப்போது அவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது பஞ்சாயத்துக் கடிதமும் உங்கள் பதிலின் ரசீதும்தான்.