பழைய கார்களில் ஆயில் கசிவும் கேபினுக்குள் வரும் புகையும்: கேள்வி பதில்

வடஆற்காடு என்ற பெயர் மாவட்டப் பலகைகளிலிருந்து மறைந்துவிட்டாலும், அந்தப் பெயர் வழக்கில் இருந்த நாளில் வாங்கிய அம்பாசிடரையும் பத்மினியையும் இன்றும் வீட்டு வாசலில் வைத்துப் பேணுகிறவர்கள் வேலூரைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் கசிவையும் புகையையும் பற்றியவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். இரண்டும் சில நேரம் ஒரே கோளாறின் இரு முகங்கள் என்பதால் அவற்றைச் சேர்த்தே பார்ப்பது நல்லது.

காட்பாடியிலிருந்து: ஐயா, என் 1978 அம்பாசிடர் பெட்ரோல் காரில், எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருமிடத்துக்குக் கீழே ஆயில் சொட்டுகிறது. பின்பக்க சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். இறக்கலாமா?

இப்போது வேண்டாம். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், மோரிஸ் காரோடு வந்த பிரிட்டிஷ் பி-சீரிஸ் எஞ்சின். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான இதன் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில், இன்றைய கார்களில் இருப்பது போன்ற ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்ட்டிலேயே திருகு மரை போல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுழலும்போது அந்த மரை ஆயிலைத் திரும்பச் சம்ப்புக்குள், அதாவது எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள், தள்ளிவிடும். எஞ்சின் நின்றதும் தள்ளும் வேலையும் நின்றுவிடுவதால், காரை நிறுத்திய பிறகு ஓரிரு சொட்டு விழுவது இந்த எஞ்சினுக்கு இயல்பு. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் தளர்வாக ஆடும் ஒரு காட்டர் பின்னும் இருக்கும். அந்த ஆயில் வெளியேறுவதற்காகவே வைத்த வழி அது. சொட்டு நிற்கட்டும் என்று அதை அடைத்தால் ஆயில் உள்ளே தேங்கிக் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும்.

சொட்டு அதிகமாக விழுந்தாலும் முதல் சந்தேகம் பின்முனை மீது போகக்கூடாது. மேனிஃபோல்டுக்குக் கீழே, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், வால்வுகளை இயக்கும் டேப்பட்டுகளை மூடும் இரண்டு டேப்பட் கவர்கள் இருக்கின்றன. அவற்றின் இடுக்கை அடைக்கும் கார்க் கேஸ்கட் காய்ந்துவிட்டால், கசியும் ஆயில் பிளாக்கின் மேல் வழிந்து, ஓடும்போது அடிக்கிற காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் பெல் ஹவுசிங்கிலிருந்துதான் சொட்டும். அதே ஆயில் சூடான சைலன்சர் குழாயின் மேல் பட்டுக் கருகினால், அந்த நாற்றம் கேபினுக்குள் வரும். வால்வு கவரின் பின்மூலையும், ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயின் இணைப்பும் இதே போல ஏமாற்றக்கூடியவை. என் முதல் அம்பாசிடரில் ஒரு பட்டறையின் பேச்சைக் கேட்டு எஞ்சினை இறக்கி ஏற்றிய பிறகும், அதே இடத்தில் அதே சொட்டு விழுந்ததைப் பார்த்த வேதனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று கசிந்தது டேப்பட் கவர்.

ஆற்காட்டிலிருந்து: எஞ்சின் முழுவதும் ஆயிலும் புழுதியுமாக இருக்கும்போது எங்கிருந்து கசிகிறது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

கழுவாமல் கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்ப்புரேட்டரையும் பாலிதீன் உறையால் மூடிக் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் கொண்டு மேலிருந்து கீழாகத் தேய்த்துத் துடைத்து, ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள். பிறகு சந்தேகமுள்ள இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லிதாகத் தூவி, வாலாஜா வரை ஓட்டிச் சென்று திரும்புங்கள். டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஆயில் ஊறிய தடம் தெளிவாகத் தெரியும். தடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ அதுவே ஊற்று. மற்றவை அதன் ஓட்டம். ஒன்றும் தெரியவில்லை என்றால் இன்னும் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள்.

கூடவே, சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவில் காரின் அடியில் செய்தித்தாளை விரித்து, சக்கரங்களின் இடத்தை அதில் குறித்து வைத்தால், சொட்டு விழுந்த இடம் காலையில் தெரியும். கியர் ஆயில் கந்தக வாடையோடு கெட்டியாக இருக்கும்; பிரேக் ஆயில் தண்ணீர் போல மெலிந்திருக்கும், பெயிண்டையும் அரிக்கும்.

ஆம்பூரிலிருந்து: டேப்பட் கவருக்கு மூன்று முறை புதுக் கார்க் கேஸ்கட் போட்டுவிட்டேன், மூன்று முறையும் கசிகிறது. இங்கே நல்ல தோல் துண்டுகள் எளிதில் கிடைக்கின்றன. அதில் வெட்டிப் போடலாமா?

தோல் அந்த இடத்துக்கு ஆகாது. சூட்டில் இறுகிச் சுருங்கி, கார்க்கைவிட விரைவில் கசியும். மூன்று கேஸ்கட்டும் தோற்றதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கசிகிறதே என்ற பதற்றத்தில் நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் கார்க் பிதுங்கி நசுங்கும், கவரின் விளிம்பும் வளைந்துவிடும். கவரைச் சமமான கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்துப் பார்த்து, வளைந்த விளிம்பை மரச்சுத்தியால் தட்டி நேராக்கிய பிறகே புதுக் கேஸ்கட்டைப் போடுங்கள்.

இரண்டாவது காரணத்தையே நான் அதிகம் சந்தேகிக்கிறேன். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வரும் வாயு எஞ்சினின் அடிப்பகுதியில் சேர்கிறது. அது வெளியேறுவதற்குத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. அந்தக் குழாயில் கசடு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைக்கிற ஒவ்வோர் இணைப்பின் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும். அப்போது எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் பயன் இராது. பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மறுமுனையில் ஊதினால் காற்று தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்த பிறகும், எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமானால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை அதை உறுதிப்படுத்தும்.

குடியாத்தத்திலிருந்து: ஏலகிரி போகும்போதெல்லாம் பின்சீட்டில் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். வளைவுகளாலா, புகையாலா?

14 கொண்டை ஊசி வளைவுகள் யாருக்கும் தலை சுற்றலைத் தரலாம். ஆனால் சமவெளியில் ஓட்டும்போதும் பிள்ளைகள் தூங்கி வழிந்தாலோ, உங்களுக்கே தலை வலித்து, காரைவிட்டு இறங்கி வெளிக்காற்றில் நின்றதும் அது குறைந்தாலோ, காரணம் புகைதான் என்று கொள்ளுங்கள். கோளாறு தீரும் வரை அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சைலன்சர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். நாற்றம் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

பின்சீட்டில்தான் தொல்லை என்பதால் டிக்கியிலிருந்து தொடங்குங்கள். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் முனையிலிருந்து வரும் புகை அங்கேயே சுழலும். டிக்கியின் ரப்பர் பீடிங் காய்ந்திருந்தாலோ, நம்பர் பிளேட் விளக்கின் ஒயர் போகும் துளை திறந்திருந்தாலோ புகை உள்ளே இழுக்கப்பட்டுப் பின்சீட்டின் வழியாகக் கேபினுக்கு வரும். முன்கதவின் முக்கோணக் கண்ணாடியை மட்டும் திறந்து வைத்து ஓட்டினால், அது கேபின் காற்றை வெளியே உறிஞ்சி, இந்த இழுப்பை இன்னும் கூட்டும். டிக்கி மூடியின் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதில் உருவி வரும் இடத்தில் பீடிங் பயனற்றது.

பிறகு சைலன்சர். காலையில் குளிர்ந்த எஞ்சினைத் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் கனத்த ஈரத்துணியால் சைலன்சர் முனையைப் பாதி மறைக்க, மற்றொருவர் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் நுரை கிளம்பும். அடுத்து, ஸ்டியரிங் தண்டு, கிளட்ச் பெடல், ஒயர்கள் ஆகியவை எஞ்சின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் நுழையும் துளைகளைப் பாருங்கள். இரவில் எஞ்சின் பக்கம் டார்ச்சை அடித்து, உள்ளே கால்மிதிக்குக் கீழே குனிந்து பார்த்தால், வெளிச்சம் வருகிற ஒவ்வொரு துளையும் புகை வருகிற துளை. அந்தத் துளைகளை அடைக்கும் புது ரப்பர் குரோமெட்டுகளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

ராணிப்பேட்டையிலிருந்து: ஸ்டாண்டர்டு ஹெரால்டில் கியர் லீவர் பக்கமிருந்து புகை நாற்றம் வருகிறது.

ஹெரால்டில் கியர் பாக்ஸை மூடும் கவர் கேபினுக்குள்ளிருந்தே கழற்றக்கூடியது. அதன் விளிம்பிலுள்ள பஞ்சு நைந்துவிட்டால் எஞ்சின் பக்கத்துக் காற்று முழுவதும் உள்ளே வரும். கவரைக் கழற்றிப் புது ஃபோம் ஒட்டி, எல்லாத் திருகுகளையும் விடாமல் போடுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து: பத்மினியில் காலையில் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறது.

இதை இன்றே பாருங்கள். அருகில் ஊதுவத்திகூட வேண்டாம். 2023 முதல் விற்பனைக்கு வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களை உப்பவும் விரிசல் விடவும் செய்யும். டேங்க்கின் கழுத்துக் குழாயிலிருந்து கார்ப்புரேட்டர் வரை எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். டிப் ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். அதில் பெட்ரோல் வாடை இருந்தால் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் மெல்லிய திரையான டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது என்று சந்தேகியுங்கள். டயஃப்ரத்தையும் ஆயிலையும் மாற்றாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

வாணியம்பாடியிலிருந்து: அம்பாசிடரின் பின்சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிகிறது. புது சீல் போட்டால் போதுமா?

போதாது. பின் ஆக்ஸிலின் மேலும் ஒரு சிறு பிரீதர் இருக்கிறது. அது மண்ணால் அடைபட்டிருந்தால், சூடேறும் காற்று புது சீலையும் மீறி ஆயிலைத் தள்ளும். எனவே முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு பிரேக் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் லைனிங்கில் கியர் ஆயில் ஊறியிருந்தால், பெட்ரோலில் கழுவியோ தீயில் வாட்டியோ திரும்பப் போடாதீர்கள். இரண்டு பின்சக்கரங்களிலும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால், பிரேக் அழுத்தும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும்.